நகல்களின் சாட்சியம்: பழைய யூனிக்ஸைப் பெறுவது குறித்துச் சில குறிப்புகள்

1

‘பாதுகாப்பு’ என்கிற சொல்லுக்குப் பொருள் கொள்வதற்கு முன், அதைச் சொல்வது யார் என்று பார்த்தாக வேண்டும். கணிப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தின் பழைய பதிப்பு ஒன்று ஒருவருக்குத் தேவைப்படுகிறது, அதைப் பாதுகாப்பாகப் பெற வேண்டும் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்து வக்கீலுக்குப் பாதுகாப்பு என்றால் உரிமம். வைரஸ் தடுப்பு விற்கிறவருக்கு, அதோடு நச்சு நிரல் ஏதும் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்பது. வரலாறு எழுதுகிறவருக்கோ இந்த இரண்டும் இரண்டாம் பட்சம். கையில் கிடைத்திருப்பது உண்மையிலேயே அந்தப் பழைய பிரதிதானா, அல்லது பின்னால் வந்த யாருடைய கையாவது அதில் பட்டிருக்கிறதா என்பதே அவருடைய கவலை. மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இந்த மூன்று பாதுகாப்புகளும் ஒன்றல்ல. பல நேரங்களில் ஒன்றைக் காப்பாற்றியவர்கள் மற்றொன்றை மீறித்தான் அதைச் செய்திருக்கிறார்கள் என்பதை யூனிக்ஸின் வரலாற்றை முன்வைத்துச் சொல்ல முயல்கிறேன்.

“புதுசுதான் சும்மா கெடைக்குதே, பழசு எதுக்கு?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பழைய கோப்புகளைத் திறக்கப் பழைய இயங்குதளம் வேண்டியிருக்கிறது. அதில் மட்டுமே ஓடுகிற இயந்திரங்கள் இன்னமும் இருக்கின்றன. இவை நடைமுறைக் காரணங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இன்று நம் கைகளில் இருக்கும் ஆண்ட்ராய்டு தொலைபேசியின் அடியில் ஓடுவது லினக்ஸ். ஐபோனின் அடியில் இருப்பதில் பிஎஸ்டி என்கிற கிளையின் பங்கு உண்டு. இரண்டுமே யூனிக்ஸ் குடும்பம்தான்: பிஎஸ்டி ரத்த வழி வந்தது, லினக்ஸ் தத்து வந்தது. நம் அன்றாடத்தை இந்த அளவுக்கு ஒழுங்குபடுத்துகிற ஓர் எழுத்து எப்போது, யாரால், என்ன கட்டாயங்களுக்குள் எழுதப்பட்டது என்பதை மூலத்தைப் பார்த்து வாசிக்கிற உரிமை நமக்கு இருக்கிறதா இல்லையா? பழைய பதிப்பைப் பெறுதல் என்கிற சிறிய காரியத்தின் பின்னால் இருப்பது இந்தக் கேள்வி.

2

யூனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், பெல் ஆய்வகத்தில், கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. ஆய்வகத்தின் உடைமையாளரான ஏடி&டி தொலைபேசித் துறையில் ஏகபோகம். 1956இல் அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அது தொலைத்தொடர்பு தவிர்த்த வேறு வணிகத்தில் இறங்க முடியாது. ஆகவே கையில் ஓர் இயங்குதளம் இருந்தும் அதைக் கடைச்சரக்காக விற்க வழியில்லை. பல்கலைக்கழகங்கள் கேட்டபோது பெயரளவுக் கட்டணத்துக்குக் காந்த நாடாவில் பதிந்து கொடுத்தார்கள், மூலநிரலோடு சேர்த்து. பழுது பார்த்துத் தர மாட்டோம், பிழை திருத்தம் அனுப்ப மாட்டோம் என்பது நிபந்தனை. எடுத்துக்கொண்டு போ, அப்புறம் உன் பாடு, அவ்வளவுதான். ஏகபோகத்தின் மீது அரசு போட்ட கடிவாளம், எதிர்பாராத விதமாக ஒரு வாசிப்புச் சமூகத்தை உருவாக்கிவிட்டது. பிழையைத் திருத்த ஆளில்லை என்பதால் வாங்கியவர்கள் தாங்களே படித்தார்கள், திருத்தினார்கள், ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள்.

இங்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். யூனிக்ஸின் முதலாம் பதிப்பு, நான்காம் பதிப்பு, ஏழாம் பதிப்பு என்று நாம் சொல்கிற எண்கள் அந்த மென்பொருளின் எண்களே அல்ல. அதன் கையேட்டின் பதிப்பு எண்கள் அவை. முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது, நான்காவது 1973 நவம்பர், ஆறாவது 1975, ஏழாவது 1979 ஜனவரி. அச்சிட்ட கையேட்டுக்கு ஒரு தேதி உண்டு, மென்பொருளோ நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தது. நாடா கேட்டு ஒருவர் எழுதினால், அன்று இயந்திரத்தில் என்ன இருந்ததோ அது பதிந்து போயிற்று. ஒரே பதிப்பு எண் தாங்கிய இரண்டு நாடாக்கள் ஒன்றுபோலவே இருக்க வேண்டிய அவசியமில்லை.

இதன் பொருள் என்ன? ‘அசல்’ நான்காம் பதிப்பு என்று ஒன்றைத் தேடிக்கொண்டு போகிறவர், அப்படி ஒன்று ஒரு கணத்தில் முழுமையாக இருந்தது என்கிற கற்பிதத்தோடு போகிறார். வால்ட்டர் பெஞ்சமின் 1930களில் கலைப்படைப்பின் இயந்திர மறு உற்பத்தி பற்றி எழுதியபோது, நகலுக்கு எதிராக வைக்க அவரிடம் ஓர் அசல் ஓவியம் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை. இங்கு எல்லாமே நகல்கள்தான். நாம் கேட்கக்கூடியது எது அசல் என்பதை அல்ல, எந்த நகல் எந்தக் கைகள் வழியாக வந்தது என்பதை.

3

வாசிப்புச் சமூகம் உருவானபின் அதைத் தடுக்கிற முயற்சியும் வந்தது. ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜான் லயன்ஸ், ஆறாம் பதிப்பின் மையக்கருவை மாணவர்கள் வரிவரியாக வாசிக்க வேண்டும் என்று நினைத்தார். மொத்தம் பத்தாயிரத்துக்கும் குறைவான வரிகள். ஒருவர் முழுக்க வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய அளவு. 1976இல் வரைவு, 1977இல் நூல் வடிவம்: ஒரு தொகுதியில் நிரல், மற்றொன்றில் அதற்கான உரை. மூலமும் உரையுமாகச் சேர்த்துப் படிக்கிற பழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதால் இந்த ஏற்பாட்டின் அருமை நமக்குச் சட்டென்று பிடிபடும்.

1979இல் ஏழாம் பதிப்பு வந்தபோது அதன் உரிமத்தில் ஒரு புதிய விதி சேர்ந்திருந்தது: மூலநிரலை வகுப்பறையில் பாடமாக வைக்கக் கூடாது. லயன்ஸின் உரையும் உரிமம் பெற்றவர்களுக்குள் மட்டும் என்று அடைபட்டது. கணிப்பொறித் துறையில் ஒரு தலைமுறையின் மிக முக்கியமான பாடநூல்களில் ஒன்று கடையில் கிடைக்காத நூலாயிற்று. ஆனால் ஜெராக்ஸ் இயந்திரம் இருந்ததே! நகலின் நகல், அதன் நகல் என்று எழுத்து மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு அது உலகம் சுற்றியது. சிற்றிதழ்களின் பழைய இதழ்களை மூன்றாம் நான்காம் ஜெராக்ஸில் படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தத் தடையால் விளைந்தது இன்னொன்றும் உண்டு. நெதர்லாந்தில் கற்பித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டானன்பாம், யூனிக்ஸைப் பாடமாக வைக்க முடியாதென்பதால் மாணவர்களுக்காகத் தானே மினிக்ஸ் என்கிற இயங்குதளத்தை எழுதி 1987இல் வெளியிட்டார். அந்த மினிக்ஸைப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கினார்.

லயன்ஸின் உரை முறைப்படி அச்சேறியது 1996இல்தான், எழுதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து. 1998இல் அவர் காலமானார். சட்டத்தின் பார்வையில் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஜெராக்ஸ்களை வைத்திருந்த ஒவ்வொருவரும் விதியை மீறியவர். அறிவின் பார்வையில், அவர்கள் இல்லையென்றால் அந்தப் பாடம் ஒரு தலைமுறைக்கே இல்லாமல் போயிருக்கும்.

4

உரிமையாளர் யார் என்கிற கதையும் நேரானதல்ல. ஏடி&டி 1984இல் உடைக்கப்பட்டபின் யூனிக்ஸ் ஒரு வணிகச் சரக்காயிற்று. அந்த வணிகத்துக்கென அமைத்த துணை நிறுவனம், பெர்க்லி பல்கலைக்கழக வழிவந்த பிஎஸ்டி மீது 1992இல் வழக்குத் தொடுத்தது. 1994இல் சமரசம். பதினெட்டாயிரம் கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்று. மூன்றே மூன்று! ஆனால் இரண்டு ஆண்டுகள் அந்தக் கிளையைத் தொடுவதற்கே பலர் பயந்தார்கள்.

இதற்கிடையில் யூனிக்ஸ் 1993இல் நாவெல் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1995இல் அங்கிருந்து சான்டா க்ரூஸ் ஆபரேஷன் என்கிற எஸ்ஸிஓவுக்கு. இந்தக் காலகட்டத்தில் ஆஸ்திரேலியாவில் வாரன் டூமி என்பவரைச் சுற்றி ஒரு சிறு குழு உருவாகியது. பழைய பிடிபி இயந்திரங்களுக்கான யூனிக்ஸைக் காப்பது அதன் நோக்கம். பின்னாளில் அது யூனிக்ஸ் மரபுக் கழகமாக வளர்ந்தது. அலமாரிகளிலும் பரண்களிலும் கிடந்த நாடாக்களைத் தேடி, படித்து, சேர்த்தார்கள். ஆனால் சேர்த்ததை யாருக்கும் கொடுக்க முடியாது. உரிமம் வைத்திருப்பவருக்கு மட்டும்தான். ஆகவே மனு போட்டார்கள். 1998இல் எஸ்ஸிஓ இறங்கி வந்தது: நூறு டாலர் கட்டினால் தனிநபர்கள் பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளலாம். 2001இல் எஸ்ஸிஓவின் யூனிக்ஸ் வணிகத்தை வாங்கிய கால்டெரா, 2002 ஜனவரியில் ஒரு கடிதத்தின் மூலம் முதலாம் பதிப்பு முதல் ஏழாம் பதிப்பு வரையும் 32வி என்கிற பதிப்பையும் கிட்டத்தட்ட நிபந்தனையின்றித் திறந்துவிட்டது. சிஸ்டம் 3, சிஸ்டம் 5 ஆகிய பிற்கால வணிகப் பதிப்புகள் அதில் சேராது என்று தெளிவாகவே சொல்லியிருந்தது.

சரி, இதோடு சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாமா? கால்டெரா பெயரை எஸ்ஸிஓ குரூப் என்று மாற்றிக்கொண்டு 2003இல் ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. அதையொட்டி எழுந்த நாவெலுடனான வழக்கில், 1995 விற்பனையில் பதிப்புரிமை கைமாறவே இல்லை, அது நாவெலிடமே தங்கிவிட்டது என்று 2010இல் நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படியானால் 2002இல் கொடுத்தவர் கொடுக்க அதிகாரம் உள்ளவர்தானா? சட்டப் பாதுகாப்பு என்று நாம் கையில் வைத்திருக்கும் கடிதமே, யாரிடம் உரிமை இருந்தது என்கிற ஐயத்தின் மேல் நிற்கிறது. பெல் ஆய்வகத்தைப் பின்னாளில் பெற்ற நோக்கியா தரப்பு, எட்டு, ஒன்பது, பத்தாம் பதிப்புகளைப் பொறுத்து 2017இல் எடுத்த நிலை இன்னும் சுவாரசியமானது. உரிமம் தருகிறோம் என்று சொல்லவில்லை. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு எதிராக எங்கள் பதிப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள். அதிகாரம் கதவைத் திறப்பதில்லை, கண்டுகொள்ளாமல் இருக்கிறேன் என்கிறது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, சட்டத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதல்ல. அனுமதி வந்த நாளில் கொடுப்பதற்குப் பொருள் இருந்தது என்றால், அனுமதி இல்லாத நாட்களிலும் யாரோ அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள் என்பதே காரணம். ஆவணக் காப்பகத்தின் வரலாற்றை அனுமதிக் கடிதங்களின் வரலாறாக மட்டும் எழுதும்போது இந்த மனிதர்கள் காணாமல் போகிறார்கள்.

5

இரண்டாவது பாதுகாப்புக்கு வருவோம். நகல் எடுக்கிற பழக்கத்தோடேயே நச்சு நிரலும் பயணம் செய்திருக்கிறது. 1986இல் லாகூரில் மென்பொருள் கடை நடத்திய இரு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’, ஐபிஎம் வகைக் கணிப்பொறிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று கருதப்படுவது. தங்கள் மருத்துவ மென்பொருளைத் திருட்டு நகலிலிருந்து காக்கவே எழுதினோம் என்றார்கள் அவர்கள். கடை விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள்! நகலைத் தண்டிக்கக் கிளம்பியது நகல்களின் மூலமாகவே உலகெங்கும் போனது. அந்தக் காலத்து ஃப்ளாப்பியிலிருந்து எடுத்த பிம்பக் கோப்புகளில் இத்தகைய வைரஸ்கள் இன்றும் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். பழைய இயங்குதளம் தன் காலத்து ஓட்டைகளோடுதான் வரும் என்பதும் உண்டு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு பரவிய நாட்களில் திருத்தம் போடாத விண்டோஸ் எக்ஸ்பியை வலையில் இணைத்தால் சிறிது நேரத்திலேயே தொற்றிக்கொண்டது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. அதன்பின் கண்டறியப்பட்ட ஓட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து வரவே இல்லை.

ஆபத்து பழையதிலிருந்து மட்டும் வருவதில்லை, வழங்கும் முறையிலிருந்தும் வருகிறது. 2015இல் சீனாவில் நடந்தது ஒரு நல்ல உதாரணம். ஆப்பிளின் சர்வரிலிருந்து எக்ஸ்கோடு என்கிற நிரலாக்கக் கருவியை இறக்குவதற்கு அங்கே வெகுநேரம் பிடித்தது. உள்ளூர் இணையக் கிடங்கு ஒன்றில் அதே கருவி வேகமாகக் கிடைத்தது. பலரும் அங்கே எடுத்தார்கள். அது திருத்தப்பட்ட நகல். அதைக் கொண்டு செய்த செயலிகள் எல்லாவற்றுக்குள்ளும், செய்தவருக்கே தெரியாமல், வேற்று நிரல் புகுந்தது. முறையான கதவு குறுகலாக இருக்கும்போது பக்கத்துச் சந்தில் கூட்டம் கூடுகிறது. அங்கேதான் கெடுதல் செய்ய விரும்புகிறவர் கடை போடுகிறார்.

மைக்ரோசாஃப்ட் 2020 ஆகஸ்டில், எஸ்ஹெச்ஏ-1 என்கிற முறையில் கையொப்பமிட்ட பழைய விண்டோஸ் கோப்புகளைத் தன் பதிவிறக்க மையத்திலிருந்து அகற்றியது. அந்த முறை உடைந்துபோனது என்பது 2017இல் நிரூபணமாகியிருந்தது. ஆகவே சொன்ன காரணம் உண்மையானதே. விளைவு? பழைய இயங்குதளத்துக்கான திருத்தங்களை அதிகாரபூர்வ இடத்தில் தேடுகிறவர், இல்லை என்று தெரிந்ததும் ஊர் பேர் தெரியாத இடத்துக்குப் போக நேர்ந்தது. பாதுகாப்பின் பெயரால் எடுத்த நடவடிக்கை பாதுகாப்பின்மையை வெளியே தள்ளிவைக்கிறதே ஒழிய ஒழிப்பதில்லை. இதே நிறுவனம்தான் எம்எஸ்-டாஸின் 1.1, 2.0 மூலநிரல்களை 2014இல் கலிஃபோர்னியாவின் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தின் வழியாக வாசிக்கத் தந்தது. 2018இல் அவற்றைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது, 2024இல் 4.0ஐயும். கதவைத் திறந்தால் ஒருவரும் சந்துக்குப் போக வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

6

மூன்றாவது பாதுகாப்பு, பாடத்தின் நம்பகத்தன்மை. கணிப்பொறிக்காரர்கள் இதற்கு ஹாஷ் என்கிற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். கோப்பு எவ்வளவு பெரியதானாலும் அதிலிருந்து குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண் கணக்கிடப்படுகிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். இரண்டு கோப்புகளின் எண்ணும் ஒன்றானால் கோப்பும் ஒன்று. அருமையான கருவிதான். ஆனால் அது சொல்வது இரண்டும் ஒன்று என்பதை மட்டும். இரண்டும் உண்மை என்பதை அல்ல. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்கச் சுட்டிகளை மாற்றித் தங்கள் திருத்தப்பட்ட பிரதியை நோக்கித் திருப்பிவிட்டார்கள். கோப்புக்கு வழி காட்டும் பக்கத்தை மாற்ற முடிந்தவருக்கு, அதே பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணை மாற்றுவதா கஷ்டம்? சுவடிப் பதிப்பாளர்களுக்கு இது பழைய பாடம். ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய பத்துப் படிகள் பத்துச் சாட்சிகள் ஆகாது. அது ஒரே சாட்சியின் பத்துக் குரல்.

இன்னும் ஆழமான ஐயத்தை எழுப்பியவர் யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்ஸனேதான். டூரிங் விருதை ஒட்டி அவர் ஆற்றி 1984இல் வெளிவந்த உரையில் ஒரு சூழ்ச்சியை விவரித்தார். மனிதர் எழுதும் மூலநிரலை இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றுவது கம்பைலர். அந்தக் கம்பைலரும் ஒரு நிரல்தான். அதைக் கட்டுவதும் இன்னொரு கம்பைலர், பெரும்பாலும் தன்னுடைய முந்தைய வடிவம். கடவுச்சொல் சரிபார்க்கும் நிரலைக் கட்டும்போது அதில் ஒரு திருட்டு வாசல் வைக்கும்படியும், கம்பைலரையே மறுபடி கட்டும்போது இந்தத் தந்திரத்தைப் புதியதற்குள்ளும் செருகும்படியும் ஒருமுறை செய்துவிட்டால் போதும். பிறகு மூலநிரலிலிருந்து அந்த வரிகளை அழித்துவிடலாம். நீங்கள் மூலத்தை எழுத்தெண்ணிப் படித்தாலும் குற்றம் தென்படாது. ஓடுகிற இயந்திரத்தில் மட்டும் அது தலைமுறை தலைமுறையாக உயிரோடிருக்கும். நாமே முழுக்க எழுதாத எந்த நிரலையும் முழுக்க நம்ப இயலாது என்பது அவர் வந்துசேர்ந்த முடிவு.

நாற்பதாண்டு காலம் மேற்கோளாக மட்டுமே சுற்றிக்கொண்டிருந்த அந்தத் தந்திர நிரல், 2023இல் ரஸ் காக்ஸ் என்பவர் தாம்ப்ஸனிடமே கேட்டு வாங்கி, விளக்கத்தோடு வெளியிட்டபோது பொதுவெளிக்கு வந்தது. ஆறாம் பதிப்பு காப்பாற்றப்பட்டிருந்ததால்தான் அதை மறுபடி ஓட்டிக் காட்டவும் முடிந்தது.

தாம்ப்ஸனின் ஐயத்துக்குப் பதில் இல்லாமல் இல்லை. டேவிட் வீலர் 2005இல் முன்வைத்து 2009இல் முனைவர் பட்ட ஆய்வாக விரித்த முறை ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரிய கம்பைலரின் மூலநிரலை, அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வேறொரு கம்பைலரால் கட்டுங்கள். அப்படிக் கிடைத்ததைக் கொண்டு அதே மூலத்தை மறுபடியும் கட்டுங்கள். இறுதியில் வருவது, சந்தேகத்துக்குரியதோடு புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போனால் அதில் சூழ்ச்சி இல்லை. இரண்டு கம்பைலர்களுமே ஒரே சூழ்ச்சியில் சிக்கியிருந்தால் மட்டுமே இது பொய்க்கும். கணித மொழியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இதில் இருப்பது என்ன? தனித்தனி வழியில் வந்த இரண்டு சாட்சிகளை எதிரெதிரே நிறுத்துவது. முத்திரை, தலைமையகம், அதிகாரபூர்வம் என்கிற மையத்திலிருந்து பாதுகாப்பு வருவதாக நமக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் நுணுகிப் பார்த்தால் அது ஒன்றையொன்று சாராத பல கைகளிலிருந்துதான் வருகிறது.

7

தத்துவம் இருக்கட்டும், காரியத்துக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் கடைப்பிடிக்கிறதைச் சொல்கிறேன். முதலில் உரிமையாளர் தானாகத் தந்திருக்கிறாரா என்று பார்க்கிறேன். டாஸுக்குத் தந்திருக்கிறார், பழைய யூனிக்ஸுக்கு 2002 கடிதம் இருக்கிறது. இல்லாவிட்டால் எங்கிருந்து வந்தது, யார் நாடாவைப் படித்தார்கள், எது விடுபட்டிருக்கிறது என்று குறிப்பு வைத்திருக்கும் காப்பகத்துக்குத்தான் போகிறேன். கோப்பு அழகாக இருந்து குறிப்பு ஒன்றுமில்லை என்றால் தொடுவதில்லை. ‘இதை இறக்கினால் தானாக நிறுவிக்கொள்ளும்’ என்கிற எதையும் கிட்டே சேர்ப்பதில்லை. வேண்டியது நாடாவின் அல்லது வட்டின் பிம்பம், அதை எடுத்துக்கொண்டு வரும் வேலைக்கார நிரல் அல்ல. ஹாஷ் எண்ணைக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து எடுக்காமல், அதைச் சாராத வேறோர் இடத்தில் தேடி ஒப்பிடுகிறேன். எம்டி5, எஸ்ஹெச்ஏ-1 இரண்டும் உடைபட்டவை என்பதால் எஸ்ஹெச்ஏ-256 இருந்தால் அதையே நம்புகிறேன்.

ஓட்டுவது என் இயந்திரத்தின் மேல் நேராக இல்லை. பாப் சப்னிக் 1993இல் தொடங்கிய சிம்ஹெச் என்கிற நிரல், இல்லாமல்போன பிடிபி-11 இயந்திரத்தை மென்பொருளாகவே நடித்துக் காட்டும். அதற்குள்தான் ஏழாம் பதிப்பு ஓடுகிறது. வலை இணைப்பு கிடையாது, என் சொந்தக் கோப்புகள் எதுவும் அதன் கண்ணில் படாது. ஒரு நிரலின் கட்டளைகளும் தரவும் தலா 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்கிற நெருக்கடிக்குள் எழுதப்பட்ட அந்தச் சிக்கனமான உரைநடையை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் உட்கார்ந்து படிப்பதில் உள்ள நிறைவை வேறெதுவும் எனக்குத் தந்ததில்லை.

இன்னொரு பாதுகாப்பையும் மறந்துவிடக் கூடாது. பழைய பிரதிக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். பிஎஸ்டியின் ஒரு பழைய பிரதியில் அதை எழுதியவர்களின் கடவுச்சொற்கள் மறைகுறியீடாகத் தங்கிப்போயிருந்தன. ஒவ்வொன்றாக உடைத்தார்கள். 2019இல் தாம்ப்ஸனுடையதும் உடைந்தது. சதுரங்கத்தில் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை நகர்த்தும் தொடக்க ஆட்டம்தான் அவர் கடவுச்சொல். அவருடைய விஷயத்தில் இது ரசிக்கத்தக்க செய்தி. ஆனால் ஓர் அலுவலகத்தின், ஒரு மருத்துவமனையின் பழைய வட்டு கைக்கு வந்தால்? மென்பொருளைக் காப்பது, அதில் தங்கிப்போன அடுத்தவர் வாழ்க்கையை அம்பலப்படுத்தும் உரிமையை நமக்குத் தருவதில்லை.

8

2008இல் டூமியும் நண்பர்களும் முதலாம் பதிப்பின் காலத்து மையக்கருவை மறுபடி ஓட வைத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நாடா அல்ல, 1972இல் காகிதத்தில் அச்சிட்ட நிரல். அதை ஒளிவருடி, எழுத்துகளைக் கண்டறிந்து, பிழை திருத்தி, வேறு நாடாக்களில் மிஞ்சியிருந்த துணை நிரல்களோடு சேர்த்தார்கள். தாங்கள் எங்கே என்ன சேர்த்தோம், எதை மாற்றினோம் என்பதைப் பதிவும் செய்தார்கள். என் பார்வையில் அந்தப் பதிவு, ஓடுகிற நிரலைவிட முக்கியமானது. அது இல்லாவிட்டால் 2008இன் கை எது, 1972இன் கை எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

2025இல், அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு கிடங்கு அறையைச் சுத்தம் செய்தபோது பழைய நாடா ஒன்று அகப்பட்டது. மேலே நான்காம் பதிப்பு என்று கையெழுத்தில் குறித்திருந்தது. மையக்கருவை சி மொழியில் திருப்பி எழுதிய முக்கியமான பதிப்பு அது. ஆனால் அதுவரை கையேடும் மையக்கரு நிரலின் ஒரு பகுதியும்தான் மிஞ்சியிருந்தன. நாடாவைக் கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கையோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே அது வாசிக்கப்பட்டு, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப்பட்டது. ஐம்பதாண்டுகள் அதை ஒருவரும் காப்பகம் என்று நினைத்து வைத்திருக்கவில்லை. யாரோ தூக்கி எறியவில்லை, யாரோ அதன் மேல் என்னவென்று எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கையெழுத்துக் குறிப்பை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நம்மில் பலரிடமும் பழைய வட்டுகளும் குறுந்தகடுகளும் கிடக்கின்றன. அவற்றை என்றோ ஒருநாள் யாரோ தேடுவார்கள். பூட்டி வைத்தால் மட்டும் போதாது. எது, எப்போது, யாரிடமிருந்து வந்தது, நாம் அதில் என்ன செய்தோம் என்று நாலு வரி எழுதி அதோடு சேர்த்து வைக்க வேண்டும். நிறுவனங்கள் விற்கப்படுகின்றன, உரிமங்கள் வழக்குமன்றம் போகின்றன, நேற்றைய ஹாஷ் முறை இன்று உடைகிறது. பின்னால் வருகிற ஒருவர் நம் பிரதியை எதை வைத்து நம்புவார் என்று யோசித்தால், அந்த நாலு வரியைத் தவிர அவருக்குக் கொடுக்க நம்மிடம் வேறெதுவும் இல்லை.